மெக்கானிக்குக் கூலி கொடுக்க மட்டும் ஏன் மனம் வருவதில்லை?

போன மாதம் வீட்டு மிக்ஸி நின்றுபோனது. 2012இல் குடும்ப அட்டைக்கு வந்த விலையில்லா மிக்ஸி. இரண்டு முறை கப்ளர் மாற்றி, மூன்று முறை கார்பன் பிரஷ் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த முறை கருகிய வாசனை வந்து நின்றது. தெருமுனைக் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆர்மெச்சர் போயிடுச்சு. பொருள் 550, கூலி 200. மொத்தம் 750 ஆகும். புதுசு ரெண்டாயிரத்துக்குக் கிடைக்குது. யோசிச்சுச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே, “அரை மணி நேர வேலைக்கு இருநூறு ரூபாயாம்” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “உங்க அப்பாகிட்டயும் இப்படித்தான் கேப்பாங்க” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

என் அப்பா முப்பது ஆண்டுகள் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்தவர். அந்தக் கூலியில் படித்தவன் நான். சாதி ஒழிப்பு பற்றி எழுதுகிறவன், பேசுகிறவன். ஆனாலும் 550 ரூபாய் ஆர்மெச்சர் எனக்கு உறுத்தவில்லை. 200 ரூபாய் கூலிதான் உறுத்தியது. ஏன்? அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

எல்லோரும் போடும் கணக்கு

ரிப்பேர் செய்வதா, புதிதாக வாங்குவதா என்பதற்கு நடுத்தர வர்க்கத்தில் ஒரு கணக்கு புழங்குகிறது. ரிப்பேர் செலவு புதுப் பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போடு; தாண்டாவிட்டால் சரி செய். பொருளின் வயதையும் சேர்த்துப் பார். கேட்க நியாயமான கணக்குதான். பல இடங்களில் சரியாகவும் வரும்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? பெரும்பாலும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அதற்காக ஃபேனையே மாற்றுகிற வீடுகள் இருக்கின்றன. மிக்ஸி ஓடவே இல்லையா? ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அளவுக்கு மீறிப் போட்டு அரைத்தால் மோட்டார் கருகாமல் இருக்க அது தானாக நிறுத்திவிடும். மோட்டார் சுற்றுகிறது, ஆனால் ஜாருக்குள் பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கும். கிரைண்டர் மோட்டார் சத்தம் போட்டும் கல் நகரவில்லை என்றால் பெல்ட். இவையெல்லாம் சில பத்து ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் பழுதுகள்.

மறுபக்கமும் இருக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டு பழைய ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் போய்விட்டால் அதற்குச் செலவு செய்வது பல நேரம் வீண்தான். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 32 யூனிட் மிச்சம். எனவே பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் புரட்சி என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு யாருடைய வீட்டில் உட்கார்ந்து போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கரண்ட் பில் மிச்சமாகும் என்று சொல்லிப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசம். ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு டிவி என்று 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டில் 32 யூனிட் மிச்சம் பிடித்தால் கையில் நிற்கும் பணம் பூச்சியம். அதே 32 யூனிட் ஏசி ஓடும் வீட்டில் பணமாக நிற்கும். அதாவது புதுப் பொருளின் லாபம் ஏற்கனவே இருப்பவருக்கே போய்ச் சேர்கிறது.

அடுத்தது கையிருப்பு. ‘நீண்ட காலத்தில் புதுசுதான் லாபம்’ என்று சொல்வதற்குக் கையில் 15,000 ரூபாய் இருக்க வேண்டும். இல்லாதவர் தவணையில் வாங்குகிறார். வட்டியில்லாத் தவணை என்று பலகை தொங்கும். பிராசசிங் கட்டணம் தனியாக வரும். ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டால் அதற்கும் தனி அபராதம். தினக்கூலி வாங்குகிறவரின் வீட்டில் மழை பெய்தால் அந்த மாதத் தவணை திரும்பும். சென்னையின் நடுவிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்ட மக்கள், முகவரியைச் சொன்னாலே வேலையும் கடனும் கைநழுவுவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்குத் தவணைகூட எளிதில் கிடைப்பதில்லை. கந்துவட்டிதான் மிச்சம்.

ரிப்பேரும் அவர்களுக்குச் சுலபமில்லை. ‘காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் டெக்னீஷியன் வருவார்’ என்று செய்தி வரும். வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போகும். அந்தத் தொகை எந்த ரிப்பேர் பில்லிலும் இருக்காது. ஆனால் அது செலவுதான்.

பில்லில் எழுதப்படாத தொகை

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன்.

அப்பா அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். எங்கள் குடும்பத்தில் சேரியிலிருந்து போய்ப் படித்த முதல் ஆள். ஒரு கடையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாக சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் ரிப்பேர் என்றால் ஊர்த்தெருவில் பிரச்சினை இல்லை. பொருளைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து சரி செய்துவிட்டு வந்துவிடுவார்.

சிக்கல் ஃப்ரிட்ஜில் வந்தது. ஃப்ரிட்ஜ் அடுப்படியில் இருக்கும். அடுப்படிக்குப் பக்கத்தில் சாமி அலமாரி இருக்கும். அப்பா அங்கே போகக் கூடாது. அதனால் ஆள் வைத்து ஃப்ரிட்ஜைக் கொல்லைப்புறத்துக்கு நகர்த்துவார்கள். அங்கே வைத்து அப்பா ரிலேவோ தெர்மோஸ்டாட்டோ மாற்றுவார். முடிந்ததும் மறுபடி உள்ளே நகர்த்துவார்கள். சாய்த்து நகர்த்திய ஃப்ரிட்ஜை உடனே ஆன் செய்யக் கூடாது. கம்ப்ரசரில் இருக்கும் ஆயில் குழாய்க்குள் போயிருக்கும். அது திரும்பி இறங்கச் சில மணி நேரம் நிற்க விட வேண்டும். அப்பா அதைச் சொன்னால், “அப்போ ரிப்பேர் ஆச்சா ஆகலையான்னு எப்படித் தெரியும்? நாளைக்கு வந்து காசு வாங்கிக்க” என்பார்கள். இடத்திலேயே வைத்துச் செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு நாள் அலைவார். கூலி மட்டும் ஒரு மணி நேரத்துக்குத்தான்.

அந்த ரிப்பேர் பில்லில் தீட்டுக்கும் ஒரு தொகை இருந்தது. அதைக் கட்டியவர் ஃப்ரிட்ஜின் சொந்தக்காரர் அல்ல. என் அப்பா.

இது பழைய கதை, இப்போதெல்லாம் இப்படி இல்லை என்று சொல்ல நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வடிவம் மாறியிருக்கிறது, உண்மைதான். சீருடையும் அடையாள அட்டையும் போட்ட டெக்னீஷியன் ஆப் வழியாக வருகிறார். யார், எந்தத் தெரு என்று கேட்காமல் கதவு திறக்கிறது. அந்தச் சீருடைக்குள் நம் பையன்கள் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லிஃப்டில் போகாதே, பாத்ரூமைப் பயன்படுத்தாதே, குடிக்கத் தண்ணீர் கேட்காதே என்பவை அடுக்குமாடிகளில் அப்படியேதான் இருக்கின்றன. தண்ணீர் கொடுத்தாலும் பிளாஸ்டிக் டம்ளரில் வருகிறது. மூன்றாவது மாடிச் சுவருக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் நின்றுகொண்டு ஏசியின் வெளிப்பெட்டியைக் கழுவுகிறவருக்கு இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஐந்து நட்சத்திரம் போடலாமா, நாலு போடலாமா என்று மட்டும் யோசிக்கிறோம்.

சொற்களையும் கவனியுங்கள். டாக்டருக்குக் கொடுப்பது ஃபீஸ். வக்கீலுக்கும் ஃபீஸ். இன்ஜினியருக்குச் சம்பளம். மெக்கானிக்குக் கூலி. டாக்டர் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு 500 ரூபாய் வாங்கினால், “மூணு நிமிஷத்துக்கு ஐநூறா?” என்று நாம் கேட்பதில்லை. அவருடைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் கொடுக்கிறோம் என்று நமக்கே புரிகிறது. சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவரிடம் மட்டும், “ஒரு ஸ்க்ரூவைத் திருகியதற்கு இவ்வளவா?” என்று கேட்கிறோம். அவருக்கும் படிப்பு இருக்கிறது. பதினைந்து ஆண்டு அனுபவம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது கையும் கையில் ஒட்டிய கிரீஸும் மட்டும்தான்.

மூளையால் செய்யும் வேலை உயர்ந்தது, கையால் செய்யும் வேலை தாழ்ந்தது என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தது சந்தை மட்டும் அல்ல. சாதி என்பது வேலைகளைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கிப் பிரிப்பது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கு ரிப்பேர் கடை பில்லிலும் உட்கார்ந்திருக்கிறது. பொருளின் விலையில் பேரம் பேச மாட்டோம், பெட்டியில் அச்சடித்திருக்கிறதே. கூலியில்தான் பேரம். கை வேலையின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று எந்த அச்சும் இல்லாமலேயே நமக்குத் தெரிந்திருக்கிறது.

மிக்ஸியை எதிர்த்து அல்ல, மிக்ஸிக்காக

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. ரிப்பேர் பற்றிப் பேசத் தொடங்கினால் சிலர் உடனே பாட்டி காலத்துக்குப் போய்விடுவார்கள். அம்மியில் அரைத்தால் ருசி, ஆட்டுக்கல்லில் ஆட்டினால் ஆரோக்கியம், கையால் துவைத்தால் உடற்பயிற்சி. இந்தப் பேச்சுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அம்மியில் அரைத்தது யார்? பெண்கள். ஊருக்குத் துணி வெளுத்தது யார்? பிறப்பால் அந்த வேலையில் கட்டிப் போடப்பட்டவர்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுத்த புதிரை வண்ணார்களைக் கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கி வைத்த நாடு இது. வாஷிங் மெஷினுக்குச் சாதி கிடையாது. மிக்ஸி மருமகளா மாமியாரா என்று பார்ப்பதில்லை. இயந்திரங்கள் மனித உழைப்பின் கொடுமையைக் குறைக்கும் என்று ‘இனிவரும் உலகம்’ உரையில் பெரியார் ஆர்வத்தோடு பேசினார். இயந்திரத்தை வெறுத்த காந்தியத்தை அம்பேத்கர் கடுமையாக விமர்சித்தார். ஓய்வு கிடைத்தால்தான் மனிதன் மனிதனாக வாழ முடியும், அந்த ஓய்வைத் தருவது இயந்திரம் என்பது அவர் வாதம். நம் மரபு இயந்திரத்தை வரவேற்கிற மரபு.

2006க்குப் பிறகு வந்த இலவசக் கலர் டிவியையும், 2011இல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தையும் கேலி செய்தவர்களுக்கு அப்போதே இதுதான் பதில். அந்த மிக்ஸி வந்த பிறகு என் அம்மாவுக்குக் காலையில் முக்கால் மணி நேரம் கிடைத்தது. அது நின்றுபோன பத்து நாளும் அந்த முக்கால் மணி நேரம் மறுபடி அம்மிக்குப் போனது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு ஏழை வீட்டில் மிக்ஸி தொடர்ந்து ஓடுவது விடுதலை சம்பந்தப்பட்ட விஷயம். இயந்திரத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. அது ஓடிக்கொண்டே இருக்க வழி வேண்டும். ரிப்பேர் என்பது அந்த வழி.

இரண்டாவது ஆபத்து குலத்தொழில். “அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஊரில் ஆள் இருந்தது, இப்போது மெக்கானிக் கிடைப்பதில்லை” என்ற புலம்பலுக்குள் ஒரு ஆசை ஒளிந்திருக்கிறது. மெக்கானிக் மகன் மெக்கானிக்காகவே இருந்திருக்கலாமே என்ற ஆசை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சரியாகப் பெயரிட்டு அடித்து விரட்டிய மண் இது. ஒன்றிய அரசு 2023இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர் என்று 18 தொழில்களைப் பட்டியலிட்டது. இப்போதைய வடிவில் அதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு எழுதியது. சரியான முடிவு.

அந்த 18இல் எது இல்லை என்று பார்த்தீர்களா? மிக்ஸி மெக்கானிக் இல்லை. எலக்ட்ரீஷியன் இல்லை. ஃப்ரிட்ஜ், ஏசி டெக்னீஷியன் இல்லை. எந்தப் புராணத்திலும் இடம்பெறாத, எந்தச் சாதிக்கும் பட்டா எழுதப்படாத தொழில்கள் இவை. ஐ.டி.ஐ.க்குப் போனால் யாரும் கற்கலாம். என் அப்பாவுக்கு அதுதான் கதவாக இருந்தது. பிறப்பால் வராத கைத்தொழிலுக்குப் பாரம்பரியம் என்ற பெருமை கிடைப்பதில்லை. பட்டப்படிப்பு என்ற மதிப்பும் கிடைப்பதில்லை. நடுவில் கூலியாக நிற்கிறது. நான் மெக்கானிக் ஆகவில்லை. அப்பாவும் விரும்பவில்லை. அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை. மகன் அந்த வேலைக்கு வராவிட்டாலும், ஊரில் எந்தப் பெண்ணும் எந்தப் பையனும் கௌரவத்தோடு வந்து சேரும் வேலையாக அது இருக்க வேண்டும். நம் கோரிக்கை அதுதான்.

ரிப்பேர் தானாகக் கடினமாகவில்லை

“இப்போ வர்ற பொருள்ல ஒண்ணும் பண்ண முடியாதுங்க, போர்டையே மாத்தணும்” என்று மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பொய்யல்ல. அப்பா காலத்து வாஷிங் மெஷினில் டைமரைத் தனியாக மாற்றலாம். இப்போது ஒரே பி.சி.பி. போர்டு. அதில் பத்து ரூபாய் உதிரி ஒன்று போனால் முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். போர்டின் விலை சில ஆயிரம். சர்க்யூட் வரைபடம் வெளியே கிடைக்காது. உதிரி பாகம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மட்டும் போகும். வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூ இருந்த இடத்தில் பசை வந்துவிட்டது.

கார்களில் இதே வேலையைச் செய்ததற்காக 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகத்தையும் தொழில்நுட்பத் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. கார் வைத்திருப்பவருக்குக் கிடைத்த அந்த அக்கறை மிக்ஸி வைத்திருப்பவருக்கு இன்னும் முழுதாக வரவில்லை. 2022இல் ஒன்றிய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளத்தையும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் நிறுவனங்களின் தொலைபேசி எண்களை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுப்பது உரிமை ஆகாது. உதிரி பாகத்தைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, நியாய விலையில், தெருமுனைக் கடைக்கும் விற்றாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம்தான் உரிமை.

வேறு நாடுகளில் நடந்திருக்கிறது. பிரான்சில் 2021இல் டிவி, வாஷிங் மெஷின், செல்போன் போன்றவற்றில், அதை ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆஸ்திரியாவில் 2022இல் தொடங்கிய திட்டத்தில் மின்சாதன ரிப்பேர் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே ஏற்றது. இங்கே என்ன நிலை? 2018இல் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் ஏசிக்கும் குறைந்தது. ரிப்பேர் சேவைக்கும் அதே 18 சதவீதம்தான். புதிது வாங்கினாலும் 18, பழசைக் காப்பாற்றினாலும் 18.

தூக்கிப் போட்டது எங்கே போகிறது?

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் பழைய டிவி வாசல் தாண்டியதும் நம் கணக்கு முடிந்துவிடுகிறது. இன்னொருவர் உடம்பில் அது தொடங்குகிறது. 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா.வின் அறிக்கை சொல்கிறது. அதிகம் உருவாக்கும் நாடுகளில் இந்தியா மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

மீதி எங்கே போகிறது என்பது காயலான் கடைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். பழைய டிவியின் படக்குழாயை உடைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. டெல்லி சீலம்பூரில் போர்டுகளைப் பிரிப்பவர்கள் யார், மொராதாபாத்தில் அவற்றை எரிப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஏழை முஸ்லிம்கள், தலித்துகள், பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள். மலக்குழியில் இறக்கிய அதே அடுக்கு, குப்பைக் கிடங்கிலும் ஒயர் எரிக்கும் சந்திலும் தொடர்கிறது. பொருள் புதிதாக வரும்போது மேலே இருப்பவர் வீட்டுக்குப் போகிறது. நச்சாக மாறும்போது கீழே இருப்பவர் கைக்கு வருகிறது.

2022இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைத்திருக்கின்றன. கழிவைப் பிரிக்கும் தொழிலாளர்களைப் பதிவு செய்வதும் பயிற்சி கொடுப்பதும் மாநிலத் தொழிலாளர் துறையின் பொறுப்பு என்றும் சொல்கின்றன. உங்கள் ஊர்க் காயலான் கடையில் அப்படிப் பதிவு செய்யப்பட்ட ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா?

நாம் என்ன கேட்க வேண்டும்?

‘நுகர்வைக் குறையுங்கள்’ என்று தனிமனிதருக்கு அறிவுரை சொல்லி முடிப்பது எளிது. இன்னும் முதல் ஃப்ரிட்ஜே வாங்காத வீட்டிடம் அதைச் சொல்வது அயோக்கியத்தனம். கேட்க வேண்டியதை அரசிடமும் நிறுவனங்களிடமும் கேட்போம்.

அரசு இலவசமாகக் கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் கோடிக்கணக்கான வீடுகளில் வந்து சேர்ந்தன. அவற்றைச் சரி செய்ய ஒவ்வொரு ஒன்றியத்திலும், ஒவ்வொரு வாரியக் குடியிருப்பிலும் ஒரு ரிப்பேர் மையம் தொடங்கியிருந்தால் எத்தனை ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் வேலை கிடைத்திருக்கும்? இனிமேலாவது செய்யலாம். உதிரி பாகமும் சர்க்யூட் வரைபடமும் எல்லா மெக்கானிக்குக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும். வீட்டுச் சாதன ரிப்பேருக்கு ஜி.எஸ்.டி.யை நீக்க வேண்டும். ஆப் நிறுவனங்களின் டெக்னீஷியன்களுக்கு விபத்துக் காப்பீடும் உயரத்தில் வேலை செய்யப் பாதுகாப்புக் கருவியும் கட்டாயமாக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவரின் கைவேலைக்கு அரசே ஒரு குறைந்தபட்சக் கட்டணத்தை அறிவிக்கலாம்.

நம் வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வருகிறவரை ‘வா, போ’ என்று பேசாமல் இருப்பது. நாற்காலி போடுவது. நாம் குடிக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுப்பது. பொருளின் விலையில் பேரம் பேசாத நாம் கூலியிலும் பேசாமல் இருப்பது. ஓடாத பழைய கிரைண்டரை வீட்டு வேலை செய்யும் அக்காவிடம் தள்ளிவிட்டுப் புண்ணியம் தேடாமல் இருப்பது. கொடுப்பதென்றால் சரி செய்து கொடுங்கள்.

அம்மாவின் மிக்ஸியை ரிப்பேருக்கே கொடுத்தேன். 750 ரூபாய். அது இன்னும் நாலு வருடம் ஓடுமா, நாலு மாதத்தில் நிற்குமா என்று தெரியாது. பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டேன். கடைக்காரருக்கு ஆச்சரியம். “இதுக்கெல்லாம் யார் சார் ரசீது கேக்கறாங்க” என்றார். டிராயரில் தேடி ஒரு பழைய பில் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். ஆர்மெச்சர் 550 என்று எழுதினார். அடுத்த வரியில் கூலி என்று எழுதப் போனார். நிறுத்தச் சொல்லி, “ஃபீஸ்னு எழுதுங்கண்ணே” என்றேன்.

சிரித்தார். ஆனால் அப்படியே எழுதிக் கொடுத்தார்.